மூன்று தட்டு

கூண்டிலிருந்த பாம்புகள் மூச்சு வாங்க மேலே வரவில்லை.

வீட்டின் பின்தளத்தில் மண்டியிட்டுப் பலகை இடுக்கில் கண்ணை வைத்து நிமோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலை வளர்ப்பவர்கள் வந்து எடுத்துப்போகும்வரை பாம்புகளை உயிரோடு வைத்திருக்கும் மூங்கில் கூண்டு, வீட்டுக்கு அடியில் பாதி மூழ்கிக் கிடந்தது. கல்யாணமாகி ஏரியில் மிதக்கும் இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருஷமாக அவளுக்குத் தூக்கம் பிடிப்பதே அந்தக் கூண்டின் சத்தத்தில்தான். ஒரு மூக்கு நுனி தண்ணீரைப் பிளந்து மேலே வரும், பொட்டென்று ஒரு துளிக் காற்று, மறுபடி அமுங்கும், அடுத்தது வரும். இன்றைக்குத் தண்ணீர் மிதவை மூங்கில்களில் மோதும் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டு நாய் கேட்டது, தூரத்தில் ஒரு மோட்டார் படகு கேட்டது. கூண்டிலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

செத்துவிட்டனவா என்று குச்சியால் குத்திப் பார்த்தாள். சாகவில்லை, குச்சி பட்டதும் உடம்பு இன்னும் விறைத்தது. முகமூடி போட்டதுபோல் கன்னம் உப்பிய பழுப்புப் பட்டைப் பாம்புகள், விலாவில் மஞ்சள் கோடு ஓடும் வழவழப்பான பாம்புகள், மூக்கு நுனியில் இரண்டு சதை மீசை முளைத்த சின்ன மீசைப் பாம்புகள். நாற்பது ஐம்பது இருக்கும். எப்போதும் ஒன்றின்மேல் ஒன்று புரண்டு தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருப்பவை, இன்று குச்சி குச்சியாக விறைத்துத் தொங்கின. போட்ட மீன் குஞ்சுகள் அவற்றின் வாயை உரசிக்கொண்டு நீந்தின. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. அத்தனை தலையும் வடக்கே திரும்பியிருந்தது, வெள்ளத்தில் மூழ்கிய காடு இருக்கும் பக்கம்.

அவள் புருஷன் சாருன் போனதும் அந்தப் பக்கம்தான். போய் மூன்று நாளாகிறது.

நிமோலுக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. அவளுக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். மாமியார் செத்தபோதுகூட, சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா போவது என்று பிணத்தைத் திட்டியவள் அவள். காலால் பலகையை ஓங்கி மிதித்தாள். கூண்டு குலுங்கியது. பாம்புகள் அசையவில்லை.

"என்னடி, பாம்புகூட உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமத் திரும்பிக்கிச்சா?"

சந்தூ அக்கா படகை ஓரங்கட்டினாள். நான்கு வீடு தள்ளி இருப்பவள், வீட்டுக்கு அடியில் எட்டு முதலை வளர்ப்பவள், அவற்றுக்குத் தீனி எடுக்க இரண்டு நாளைக்கு ஒரு முறை வருவாள். வரும்போது வாயையும் கூடவே கொண்டுவருவாள்.

"எடுக்கறதுன்னா எடு, இல்லன்னா போய்க்கிட்டே இரு. காலங்காத்தால என் வாயக் கிளறாத."

"உன் புருஷன் அக்கரை ஊருல எவளோ வறுத்த மீனத் தின்னுட்டுக் கால நீட்டிப் படுத்திருப்பான். நீ இங்க பாம்பு மேல எரிஞ்சு விழு."

"அக்கரைக்குப் போனான்னு நீ கண்டியா?"

"நான் எங்க கண்டேன்? உன் கொழுந்தன் கோசால்தான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறான். சொல்லிட்டு மூணு நாளாக் குடிச்சுக்கிட்டே கெடக்கான்." சந்தூ துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் கூத்தடிக்கப் போனதுக்குத் தம்பி எதுக்குடி இப்படிக் குடிக்கணும்? அவன் படகோட பின்பக்கத்தப் போய்ப் பாரு. வலைக்கயிறு முழ நீளம்தான் தொங்குது. அறுந்த கயிறு இல்ல, கத்தி வெச்ச கயிறு."

நிமோல் எழுந்து நின்றாள்.

பாம்பு வலையை ஒருவராக இழுக்க முடியாது. காட்டுக்குள் மரத்துக்கு மரம் சுவர்போல் நீளமாகக் கட்டி, இடையிடையே பொறி வைத்திருப்பார்கள். இரண்டு பேர், இரண்டு படகு. மேல்கயிற்றின் ஒரு முனை இவன் படகில், மறுமுனை அவன் படகில். இரண்டு கோடியிலிருந்தும் இழுத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திக்க வேண்டும். இலைச் செறிவில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அது காட்டுத் தெய்வத்தின் இடம் என்பதால் பேர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார்கள். மீனை அடிக்கும் கட்டையால் படகின் விளிம்பில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் இருக்கிறேன். இரண்டு என்றால் இழு. மூன்று என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போ. எதற்கு, ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று கேட்டவுடன் கை தானாகத் துடுப்பைத் திருப்பிவிடும். யோசனையெல்லாம் வெளியே வந்த பிறகுதான். ஆனால் மறுமுனையில் ஆள் இருக்கும்போது கயிற்றை மட்டும் யாரும் அறுக்கக் கூடாது. அறுத்தவனோடு இந்த ஏரியில் எவரும் ஒரு சட்டியில் சோறு தின்ன மாட்டார்கள்.

கோசாலின் சின்ன வீடு அவர்கள் வீட்டின் பின்னாலேயே கட்டப்பட்டு மிதந்தது. நிமோல் போனபோது அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அரிசிச் சாராய வாடை வாசலிலேயே அடித்தது. அவள் மூலையிலிருந்த பானைத் தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள்.

"கயிற எதுக்குடா அறுத்த?"

அவன் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான். இருபத்தைந்து வயசு ஆண்பிள்ளை, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"மூணு தட்டு கேட்டுச்சு அண்ணி. தெளிவா மூணு. நான் படகத் திருப்பினேன். ஆனா அண்ணன் கயிற அவுக்கல. இழுத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் படகோட சேத்து என்னப் பின்னாடி இழுக்க ஆரம்பிச்சுது. அண்ணன் கைக்கு அவ்வளவு பலம் ஏது?"

"அதனால அறுத்துட்டு வந்த வழியே ஓடியாந்துட்ட."

"வந்த வழியில வர முடியல. அறுத்த வலை வாய்க்கா குறுக்க விழுந்து கெடந்துச்சு. மரத்துக்குள்ள பூந்து, கிளையெல்லாம் முறிச்சுக்கிட்டு எங்கயோ வெளிய வந்தேன்." அவன் முழங்கையில் கீறல்கள் காய்ந்து கறுத்திருந்தன.

"வந்து அக்கரைக்குப் போயிட்டான்னு கத கட்டின. நானும் மூணு நாளா எவ பேரச் சொல்லி அவனத் திட்டறதுன்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"வேற என்ன சொல்ல?" அவன் காதைப் பொத்திக்கொண்டான். "நான் வெளிய வந்த அப்புறமும் தட்டிக்கிட்டே இருந்துச்சு அண்ணி. மூணு, மூணு, மூணு. பொழுது சாயற வரைக்கும். நேத்து காட்டோரம் போய் நின்னு கேட்டேன். நேத்தும் தட்டுது."

நிமோலுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மூன்று நாளாக ஒருவன் தட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் அவன் உயிரோடு இருக்கிறான். சோறில்லாமல், கட்டையை விடாமல், இதோ வருவார்கள், இதோ வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறான். இவன் இங்கே குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அவளுக்குக் கொழுந்தனை அதே சாராயப் புட்டியால் அடிக்க வேண்டும் போலிருந்தது. புருஷனையும் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவாவது அவன் வந்தாக வேண்டும்.

"எந்திரி. படகு எடு."

"அண்ணி."

"எந்திரிடா."

சந்தூ இன்னும் போகாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் கிண்டல் போயிருந்தது. "என் பசங்க ரெண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரத்துல சந்தையிலேருந்து வந்துருவாங்க. தடி தடியா இருக்கானுங்க, கூட்டிக்கிட்டு வரேன். அதுவரைக்கும் பொறுடி."

"உன் தயவும் வேணாம், உன் பசங்க தயவும் வேணாம். நீ போய் முதலைக்குச் சோறு போடு."

காட்டின் வாசலில் பெரிய மரம் ஒன்று கழுத்தளவு தண்ணீரில் நின்றது. உள்ளே போகிறவர்கள் அதன் கிளையில் வாழைப்பழமும் ஊதுவத்தியும் வைத்து, உள்ளே வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பின்னால் தன் படகில் வந்த கோசால் நிறுத்தினான். நிமோல் தன் படகை நிறுத்தவில்லை. மூன்று நாளாகச் சாருனை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் தெய்வத்துக்கு வாழைப்பழம் ஒரு கேடா என்று நினைத்துக்கொண்டு துடுப்பை அழுத்தினாள்.

முற்பகல்தான். ஆனாலும் மழைமேகம் காட்டின்மேல் இறங்கி உட்கார்ந்திருந்ததால் வாய்க்காலுக்குள் விளக்கு வைக்கும் நேரத்து வெளிச்சமே இருந்தது. இரண்டு பக்கமும் மரங்களின் தலைகள் மட்டும் தண்ணீருக்கு வெளியே நின்று ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டிருந்தன. அழுகும் இலையின் புளிப்பும், ஆகாயத்தாமரை வேரின் சேற்று வாடையும், அவற்றுக்கு அடியில் பாம்புக் கூடையைத் திறக்கும்போது வருமே அந்த ஈரமான, இனிப்பேறிய கவிச்சியும் மூச்சில் ஒட்டிக்கொண்டன. வெள்ளத்துக்குப் பயந்து கிளைகளில் கொத்தாகத் தொங்கிய சிவப்பு எறும்புகள் துடுப்பு பட்டால் படகுக்குள் கொட்டின. எறும்பு கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே நிமோல் காதைத் தீட்டினாள். நாரை இல்லை. நீர்க்காகம் இல்லை. இந்தப் பருவத்தில் காது கிழியக் கத்தும் தவளைகூட இல்லை.

அவர்களுடைய வலை மரங்களுக்கிடையே தொய்ந்து கிடந்தது. பொறிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். காலி. அடுத்ததும் காலி. மூன்று நாள் யாரும் தொடாத பொறிகளில் பாம்புகள் முடிச்சு முடிச்சாகக் கிடக்க வேண்டும். ஐந்தாவது பொறிக்கு வெளியே, வலையின் மேல் வாலைச் சுற்றிக்கொண்டு, ஒரேயொரு மீசைப் பாம்பு நின்றது. முழ நீளம். பாசி படிந்து மரப்பட்டை போலிருந்தது. உடம்பு தூண்டில் முள்ளைப்போல் வளைந்திருந்தது, தலை ஒரு முனையில், கழுத்தின் வளைவு எதிர்ப்பக்கம். கோசால் பின்னால் வந்து சேரும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு குஞ்சு மீன் அந்த வளைவுக்குள் நுழைந்தது. பாம்பு அசையவில்லை. மீன் இன்னும் உள்ளே வந்தது. அப்போதும் அசையவில்லை. பிறகு, வாய்க்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த கழுத்தை மட்டும் லேசாக, மிக லேசாகச் சொடுக்கியது. மீன் பயந்து அந்தச் சொடுக்கிலிருந்து விலகித் திரும்பிப் பாய்ந்தது. பாய்ந்தது நேராகத் திறந்திருந்த வாய்க்குள். துரத்துவதே இல்லை இந்தச் சனியன், மீனே போய் விழுகிறது. சாருன் இப்படி ஒன்றை ஒருமுறை சட்டித் தண்ணீரில் விட்டுக் காட்டிவிட்டு, உன்னப்போலத்தான், ஒரு முறைப்பு முறைச்சா நான் சோத்துப் பானைகிட்டப் போய் விழறேன் என்று சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்ததற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

தட். தட். தட்.

கோசாலின் துடுப்பு கையிலிருந்து நழுவிப் பலகையில் விழுந்தது.

சத்தம் முன்னாலிருந்துதான் வந்தது, மரச் செறிவுக்கு அந்தப்புறம், கூப்பிடு தூரத்தில். காய்ந்த கட்டை ஈரப் பலகையில் விழும் சத்தம். பதினோரு வருஷமாக அவளுக்குப் பழகிய சத்தம். ஆனால் சாருன் தட்டினால் மூன்றாவது கொஞ்சம் பலமாக விழும், அவசரக்காரன். இதில் மூன்றும் ஒரே மாதிரி விழுந்தன.

தட். தட். தட்.

"மூணு அண்ணி. போகச் சொல்றாரு. முறைன்னு ஒண்ணு இருக்கு. போயிரலாம்."

"யோவ்," என்று நிமோல் காட்டைப் பார்த்துக் கத்தினாள். "தட்டினது போதும். வாயில என்ன கொழுக்கட்டையா? பேசுய்யா."

தட்டல் நிற்கவில்லை.

கோசாலின் படகு அவன் நடுக்கத்தில் ஆடி, சின்னச் சின்ன அலைகளை அனுப்பியது. இவனை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது, அங்கே போய் மயங்கி விழுந்தால் இரண்டு பேரைச் சுமக்க வேண்டும் என்று நினைத்தாள். வாயில் வந்ததை அப்படியே சொன்னாள்.

"நீ கிளம்பு. வந்த வழியே போய் வாசல் மரத்துகிட்ட நில்லு. நான் அந்த மனுஷனக் கூட்டிக்கிட்டு வரேன். கயிற அறுக்கத்தான் தைரியம் இருக்கு உனக்கு."

அவன் அவள் கண்ணைப் பார்க்காமல் படகைத் திருப்பினான். திருப்பும்போது மட்டும் கை நடுங்கவில்லை.

அவள் கிளைகளை ஒதுக்கிக்கொண்டு தலையைக் குனிந்து நுழைந்தாள். இலைத் தண்ணீர் முதுகில் சொட்டியது. எறும்புகள் கழுத்தில் ஓடின. மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வெட்டவெளி. அங்கே தண்ணீர் மையாகக் கறுத்திருந்தது. சாருனின் படகு பாதி அமிழ்ந்து சாய்ந்து நின்றது, அதன் குறுக்கே கிடந்த ஒரு பெரிய மரம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. பாசி படிந்த மரம், வீட்டுத் தூண் கனம். அதில் சாய்ந்து, இடுப்புவரை தண்ணீரில், சாருன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அவள் துவைத்துப் போட்ட கட்டம்போட்ட துண்டு. வலது கையில் கட்டை.

தட். தட். தட்.

உயிரோடு இருந்தான். மார்பு ஏறி இறங்கியது. நிமோலுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அழுகை வந்தது. அழுதால் அவன் கண்டுகொள்வான் என்று திட்டினாள்.

"இங்க உக்காந்து தாளம் போடறியா? மூணு நாளா நான் அங்க செத்துக்கிட்டிருக்கேன். கைய நீட்டு. நீட்டுய்யா."

அவன் திரும்பவில்லை. கண்மணி மட்டும் திரும்பியது. முகத்திலும் மார்பிலும் மெல்லிய பச்சைப் பாசி பிடித்திருந்தது, வெகுநாள் தண்ணீரில் கிடந்த பலகையில் பிடிப்பதுபோல். உதடு பிரிந்தது. குரல் வரவில்லை. அவள் படகை ஒட்டி நிறுத்திக் காதை அவன் வாயருகே கொண்டுபோனாள். அந்தக் கவிச்சி குப்பென்று அடித்தது.

"தட்டறது நான் இல்ல," என்றான்.

அவள் கையைப் பார்த்தாள். விரல்கள் கட்டையைப் பிடித்திருந்தன. முழங்கைக்குக் கீழே, அந்த மரம் இருந்தது. மரத்தின் ஒரு மடிப்பு மெதுவாக உப்பியது. முழங்கையை மேலே தள்ளியது. விட்டது. கட்டை விழுந்தது. தட்.

உப்பியது. தள்ளியது. தட்.

அது மரமில்லை. பட்டைபோல் தெரிந்தது சொரசொரப்பான செதில். அவன் இடுப்பைச் சுற்றி, முதுகை ஒட்டி ஏறி, முழங்கையைத் தாங்கி, மறுபடி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. இறங்கிய இடத்திலிருந்து கறுத்த நீருக்கு அடியில் நீளமாக, இன்னும் நீளமாகப் போயிற்று. வெட்டவெளியைச் சுற்றி வளைந்து போயிற்று. அவள் வந்த பக்கமாகப் போயிற்று.

தட்.

"தல எங்க?" என்றாள்.

"வாய்க்கால்ல." அவன் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தான். "உள்ள வர்றவங்களத் தொடாது. திரும்பிப் போறவங்களத்தான். நீ போயிராத. வந்த வழியே மட்டும் போயிராத."

கோசால்.

அவள்தான் அனுப்பினாள். அவள் வாயால்.

தூரத்தில் துடுப்புச் சத்தம் கேட்டது. வேகமாக. எண்ணி இருபது துடுப்புப் போட்டால் வாய்க்காலின் பெரிய வளைவை எட்டிவிடுவான். நிமோல் படகில் எழுந்து நின்றாள். காட்டில் சொல்லக் கூடாத பேரை அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கோசால். அந்தப் பக்கம் போகாத. நில்லுடா. கோசால்."

துடுப்பு ஒரு கணம் நின்றது. பின்னால் காட்டுக்குள் ஒரு பெண் அலறுவதுதான் அவனுக்குக் கேட்டிருக்கும். சொற்கள் இலைகளில் சிக்கிப் போயிருக்கும். துடுப்பு மறுபடி ஆரம்பித்தது. முன்னைவிட வேகமாக. பயந்தவன் கை. தப்பிக்கிறவன் கை.

அப்புறம் ஒரு சத்தம். பெரிய குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அது.

அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து ஓர் அலை வந்தது. கிளைகளைத் தூக்கி, இலைகளைத் தூக்கி, அவள் படகைத் தூக்கி மெதுவாக இறக்கியது. தட்டல் நின்றுவிட்டது. சாருனைச் சுற்றியிருந்த மடிப்பு தளர்ந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. தீனி கிடைத்துவிட்டது அதற்கு. முட்டுக் கொடுத்த கம்பை உருவியதுபோல் சாருன் சரிந்தான்.

அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவன் மடங்கவே இல்லை. கூடையிலிருந்து எடுத்தால் மீசைப் பாம்பு விறைத்துக்கொள்ளுமே, அப்படிக் குச்சியாக வந்தான். எப்படியோ தன் படகில் போட்டாள். மூச்சு இருந்தது. கால் இருந்தது. எல்லாம் இருந்தது. கட்டையை மட்டும் விரல்கள் விடவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்குப் புருஷன் கிடைத்துவிட்டான். கொழுந்தனைக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். தன்மேல் வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, முறிந்த கிளைகளின் வெள்ளை தெரிந்த பக்கமாகப் படகைத் திருப்பினாள். கோசால் அன்றைக்கு மரத்துக்குள் புகுந்து தப்பிய பக்கம். அந்த வழி தெரிந்தால் போதும். மெதுவாக. சத்தமில்லாமல்.

பத்துத் துடுப்புகூடப் போட்டிருக்க மாட்டாள், பேச்சுக் குரல் கேட்டது. சிரிப்பு.

"அடியே வாயாடி. எங்கடி இருக்க? உன் புருஷன் கெடச்சானா, இல்ல நீயும் அக்கரைக்குப் போயிட்டியா?"

சந்தூ அக்கா. வேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டாள். வாய்க்காலில் இரண்டு படகு. ஒன்றில் மூத்தவன், இன்னொன்றில் அவளும் இளையவனும். இலைகளுக்கு நடுவே சந்தூவின் மஞ்சள் சட்டை தெரிந்தது. வளைவைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

நிமோல் சாருன் கழுத்திலிருந்த துண்டை உருவிச் சுருட்டித் தன் வாயில் திணித்துக்கொண்டாள். கத்தக் கூடாது. கத்தினால் திரும்புவார்கள். உள்ளே வரட்டும். உள்ளே வருகிறவர்களை அது தொடாது. இன்னும் நூறு அடி. இங்கே வந்துவிட்டால் கையைக் காட்டி, சத்தமில்லாமல், எல்லோரும் இந்தப் பக்கமாகப் போய்விடலாம். வா அக்கா. வாய மூடிக்கிட்டு வா. இன்னும் எண்பது அடி. சந்தூ ஏதோ சொல்ல, மகன்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

படகு லேசாக ஆடியது.

நிமோல் குனிந்து பார்த்தாள். சாருன் மல்லாந்து கிடந்தான். கண்கள் விரியத் திறந்திருந்தன, இலைகளைத்தான் பார்த்தன. அவனைச் சுற்றி எதுவும் இல்லை. முழங்கைக்குக் கீழே வெறும் பலகை. வலது கை தானாக எழுந்தது.

தட்.

அவள் அதன்மேல் விழுந்தாள். இரண்டு கையாலும் மணிக்கட்டை அமுக்கினாள். முழங்காலைப் போட்டு அழுத்தினாள். கடித்தாள். வாயில் பாசிதான் வந்தது. கை அவளையும் சேர்த்துத் தூக்கியது.

தட்.

தட்.

சிரிப்பு நின்றது.

"மூணுடா," என்றது சந்தூவின் குரல். "மூணு தட்டு. திரும்புங்க, திரும்புங்க."

நிமோல் வாயிலிருந்த துணியைப் பிடுங்கினாள். எதைக் கத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இலை இடுக்கில் இரண்டு படகுகளும் திரும்பின. அவர்களுக்கு அப்பால் வாய்க்கால் தண்ணீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் மெதுவாக உயர்ந்துகொண்டிருந்தது. சந்தூ அக்கா இளைய மகனின் முதுகைத் தள்ளித் தள்ளி, வேகமாப் போடு, வேகமாப் போடு என்று அவனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.